ஒரே லைனுக்கு இரண்டு பக்கமும் நெரிசல் விலை: எல்லை தாண்டும் மின்சாரத்துக்கு எது சரியான விலை?

#1 ஊசிமுள்

தலைப்பு கொஞ்சம் வறண்டதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மொத்த மின்சந்தைகள் பிஜேஎம், மைசோ. அலுவலக வேலைக்காக இவற்றின் 2012 ரியல்டைம் விலைகளைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு சந்தையும் பக்கத்துச் சந்தைக்கென்று ஓர் எல்லை விலை போடுகிறது. மைசோவிலிருந்து பிஜேஎம்முக்கு மின்சாரம் அனுப்பும் டிரேடர், மைசோவின் எல்லை விலைக்கு வாங்கி பிஜேஎம்மின் எல்லை விலைக்கு விற்கிறார். நடுவில் நிற்பது அவர் லாபம். இதுவரை புரிகிறது.

எல்லையோரம் ஏதாவது ஒரு லைன் தாங்கும் அளவுக்கு நிரம்பி நெரிசலானால் அந்த நெரிசலின் மதிப்பு இரண்டு எல்லை விலைகளிலும் ஏறி நிற்கிறது. தரவுப் பிழை என்று நினைத்து ஒரு சந்தையின் நெரிசல் பத்தியை (காலம்) அழித்துவிட்டு அறிக்கையை அனுப்பினேன். "பிழை இல்லை, பணம் அப்படித்தான் கைமாறியது" என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்படியென்றால் ஒரே லைனுக்கு இரண்டு தடவை காசா?

#2 பழைய டிஸ்பாட்சர்

ஆமாம், இரண்டு தடவைதான். உங்கள் மேலாளர் சொன்னதும் சரி, நீங்கள் சந்தேகப்பட்டதும் சரி.

எண்களோடு பார்த்தால் உடனே பிடிபடும். எண்கள் என் கற்பனை, கணக்கு நிஜம். பிஜேஎம் பொறுப்பில் இருக்கும் ஒரு லைன், பெயர் 'க'. அது தாங்கும் உச்ச அளவைத் தொட்டுவிட்டது. அதன் நிழல் விலை 100 டாலர். அதாவது அந்த லைனில் 1 மெகாவாட் ஓட்டம் குறைந்தால் மொத்த உற்பத்திச் செலவில் 100 டாலர் மிச்சம். மைசோவிலிருந்து பிஜேஎம்முக்கு 1 மெகாவாட் அனுப்பினால் 'க'-வில் 0.2 மெகாவாட் குறைகிறது என்று வையுங்கள். ஆக அந்த வர்த்தகம் நெரிசலுக்குச் செய்யும் உதவி மெகாவாட்டுக்கு 20 டாலர்.

பிஜேஎம் தன் எல்லை விலையைப் போடும்போது, வரும் மின்சாரம் மைசோவின் உள்ளே எங்கோ நடுவில் உற்பத்தியாவதாக வைத்துக்கொள்ளும். அங்கிருந்து தன் சந்தைக்குள் வரும் முழுப் பயணத்துக்கும் 'க'-வில் என்ன நிவாரணம் என்று பார்த்து 20 டாலர் சேர்த்துக் கொடுக்கும். மைசோவும் அதே பாணியில், தன்னிடமிருந்து போகும் மின்சாரம் பிஜேஎம்மின் நடுவில் செலவாவதாக வைத்து, அதே முழுப் பயணத்துக்கு 20 டாலர் தள்ளுபடி தரும். டிரேடர் கையில் 40. வேலை 20-க்குத்தான் நடந்தது.

இரண்டு பேருமே தவறாகக் கணக்குப் போடவில்லை, அதுதான் வேடிக்கை. பக்கத்து ஆளும் இதே பாதையை அளந்துகொண்டிருக்கிறான் என்பது இரண்டு பேர் கணக்கிலும் இல்லை.

#3 சந்தேகப்பேர்வழி

பிஜேஎம் லைனுக்கு மைசோ ஏன் விலை போட வேண்டும்? அவரவர் வீட்டு நெரிசலை அவரவர் பார்த்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே இல்லையே.

#4 பழைய டிஸ்பாட்சர்

அந்த வீடுகள் தனித்தனியாக இல்லை என்பதுதான் சிக்கல். சிகாகோ பகுதியைக் கையில் வைத்திருந்த காமன்வெல்த் எடிசன் என்ற மின் நிறுவனம் 2004-இல் பிஜேஎம்மில் சேர்ந்தது. அதே ஆண்டில் ஏஇபி என்ற இன்னொரு மின் நிறுவனமும் சேர்ந்தது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு சந்தைகளின் நிலமும் கைவிரல்களைக் கோத்த மாதிரி இருக்கும். 2005 ஏப்ரல் 1-ஆம் தேதி மைசோ தன் சந்தையைத் திறந்தபோது, ஒருவரின் ஜெனரேட்டர் அடுத்தவரின் லைனை நிரப்புவது அன்றாட விஷயம்.

அதனால் இரண்டும் கூட்டு இயக்க ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. குறிப்பிட்ட லைன்களுக்கு ஒருவர் கண்காணிப்பவர், மற்றவர் உதவுபவர். 'க' நெரிசலானால் பிஜேஎம் தன் நிழல் விலையை மைசோவுக்குச் சொல்லும். மைசோவிடம் அதைவிட மலிவாக நிவாரணம் தரும் ஜெனரேட்டர் இருந்தால் அதை ஏற்றும் அல்லது இறக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இந்தப் பேச்சுவார்த்தை கம்ப்யூட்டர்களுக்குள் நடந்துகொண்டே இருக்கும். அவரவருக்கு அந்த லைனில் இவ்வளவு ஓட்டத்துக்கு உரிமை என்று பழைய பயன்பாட்டை வைத்து ஒதுக்கியிருப்பார்கள். மீறினால் பணம் கட்டணும், குறைந்தால் பணம் வரும்.

நல்ல ஏற்பாடு. இதைக் குறை சொல்லவே மாட்டேன்.

#5 சந்தேகப்பேர்வழி

சரி, அப்போது என் அடுத்த கேள்வி. 'க'-வின் நிழல் விலை மைசோவின் எல்லா விலைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அப்படியானால் மைசோ ஜெனரேட்டருக்கும் இரட்டைக் காசு கிடைக்க வேண்டுமே? டிரேடரை மட்டும் பிடித்துத் தொங்குவானேன்?

#6 கணக்குப்புலி

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். பலர் சறுக்குவதும் இங்கேதான்.

மைசோ ஜெனரேட்டருக்குப் பட்டுவாடா ஓர் இடத்தில்தான் நடக்கிறது, மைசோவில். 'க'-வுக்கு அது உதவினால் அந்த உதவிக்கு ஒரு தடவை காசு. பிஜேஎம் அதற்குத் தனியாக எதுவும் தராது. பிஜேஎம் ஜெனரேட்டருக்கும் அப்படியே. இரண்டு டிஸ்பாட்சிலும் (எந்த ஜெனரேட்டர் எவ்வளவு ஓட வேண்டும் என்ற தீர்மானம்) ஒரே நிழல் விலை இருப்பது தப்பே இல்லை, இருந்தால்தான் இரண்டு பக்கமும் மலிவானது முதலில் அசையும்.

எல்லை தாண்டும் வர்த்தகம் ஒன்றுதான் இரண்டு கல்லாவிலும் கை நீட்டுகிறது. ஒரே மெகாவாட் மைசோவில் 'வெளியே போனது' என்றும், பிஜேஎம்மில் 'உள்ளே வந்தது' என்றும் இரண்டு முறை பட்டுவாடா ஆகிறது. எனவே நோய் நிழல் விலையில் இல்லை, எல்லை விலையின் வரையறையில் இருக்கிறது. மருந்தும் அங்கேதான் போட வேண்டும்.

#7 ஊசிமுள்

இப்போது புரிகிறது. அந்தக் கூடுதல் 20 டாலர் யார் பையிலிருந்து போகிறது?

#8 கணக்குப்புலி

நெரிசல் கணக்கில் துண்டு விழும். வசூல் 20-க்குத்தான் இருக்கும், பட்டுவாடா 40. விழுந்த துண்டை அப்லிஃப்ட் என்ற பொதுக் கணக்கில் ஏற்றி, நெட்வொர்க்கைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லார் தலையிலும் பிரித்துவிடுவார்கள். மின்கட்டண ரசீதில் இதற்கென்று ஒரு வரி கிடையாது.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை எதிர்த்திசை. வர்த்தகம் 'க'-வை மோசமாக்கும் பக்கம் போனால் 20 டாலர் வாங்க வேண்டிய இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து 40 வாங்குவார்கள். பிஜேஎம்மில் விலை 30 டாலர் கூடுதல் என்று வையுங்கள். 20 கட்டினாலும் அனுப்புவது லாபம், 40 கேட்டால் எவரும் அனுப்ப மாட்டார்கள். மலிவான மின்சாரம் இந்தப் பக்கம் சும்மா கிடக்கும், அந்தப் பக்கம் விலை கூடிய ஜெனரேட்டர் ஓடும். நடக்காத வர்த்தகத்துக்கு ரசீது கிடையாது, எந்தத் தணிக்கையிலும் சிக்காது.

#9 சந்தேகப்பேர்வழி

டிரேடர்கள் இதைத் தெரிந்தேதான் சுரண்டியிருப்பார்கள். பேசாமல் அவர்களைத் தடை செய்திருக்கலாம்.

#10 பழைய டிஸ்பாட்சர்

விலை போட்ட இடத்தில் 40 டாலர் என்று பலகை மாட்டிவிட்டு, எடுத்தவனைத் திருடன் என்றால் எப்படி? எல்லாரும் அதே திசையில் ஓடி வருவார்கள். அடுத்த அரை மணியில் நெரிசல் காணாமல் போய், விலை கவிழ்ந்து, அதே ஆட்கள் எதிர்த்திசையில் ஓடுவார்கள். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அன்று தேநீர் ஆறிப்போகும்.

ஆனால் தடையும் நடந்திருக்கிறது, வேறோர் எல்லையில். 2008-இல் ஈரி ஏரியைச் சுற்றி நடந்த கதை. நியூயார்க்கிலிருந்து பிஜேஎம்முக்கு நேரே எல்லை இருக்கிறது. சிலர் அதை விட்டுவிட்டு நியூயார்க், ஒன்டாரியோ, மைசோ, அப்புறம் பிஜேஎம் என்று ஏரியைச் சுற்றிக் காகிதத்தில் பாதை போட்டார்கள். சுற்றுப்பாதையின் விலை சாதகமாக இருந்ததுதான் காரணம். மின்சாரம் காகிதத்தைப் பார்க்குமா? பெரும்பகுதி நேர் எல்லை வழியாகவே ஓடி, அங்கே நெரிசலை ஏற்றியது. காகிதத்தில் ஒரு பாதை, கம்பியில் வேறு பாதை; இதைத்தான் லூப் ஃப்ளோ என்கிறோம். அந்த ஜூலையில், நியூயார்க் மின்சந்தையை நடத்தும் நியூயார்க் ஐஎஸ்ஓ, ஒழுங்குமுறை ஆணையமான ஃபெர்க்கிடம் போய், அப்படிப்பட்ட எட்டுச் சுற்றுப்பாதைகளை மூட அனுமதி வாங்கியது.

பாதையை மூடினார்கள், சரி. ஆனால் அந்தப் பாதை ருசித்ததற்குக் காரணம் விலை. மின்சாரம் உண்மையில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதை வைத்து எல்லை விலை போட்டிருந்தால், ஏரியை மூன்று சுற்றுச் சுற்றினாலும் ஒரு காசு கூடக் கிடைத்திருக்காது.

#11 மூன்றாம் கம்பி

மருந்துக்கு வாருங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு வழிகள் மேசையில் இருந்தன.

ஒன்று, லைனின் பொறுப்பாளர், அதாவது மேலே சொன்ன 'கண்காணிப்பவர்', மட்டும் விலை போடுவது. 'க' பிஜேஎம்முடையது என்றால் பிஜேஎம்மின் எல்லை விலையில் மட்டும் அது இருக்கும். மைசோ தன் டிஸ்பாட்சில் அதை வைத்துக்கொள்ளலாம், எல்லை விலையிலிருந்து மட்டும் கழற்றிவிட வேண்டும். மைசோவின் சந்தைக் கண்காணிப்பாளர் வாதாடியது இந்த வழிக்காகத்தான்.

இன்னொன்று பொது எல்லை. இரண்டு சந்தைகளும் எல்லையோரம் ஒரே இடங்களைக் குறித்துக்கொள்வது. மைசோ தன் நடுவிலிருந்து அந்த இடம் வரை அளக்கும், பிஜேஎம் அந்த இடத்திலிருந்து தன் நடு வரை அளக்கும். பாதி உனக்கு, பாதி எனக்கு. இரண்டு சந்தைகளும் தேர்ந்தெடுத்தது இதைத்தான்; மைசோ 2017 ஜூனில் இதற்கு மாறியது. எல்லையருகே 10 ஜெனரேட்டர் இடங்கள், பக்கத்துக்கு ஐந்து.

#12 ஊசிமுள்

பொது எல்லை எனக்குப் பிடித்திருக்கிறது. 0.05 இந்தப் பக்கம், 0.15 அந்தப் பக்கம், கூட்டினால் 0.2. அழகாக முடிகிறதே.

#13 கணக்குப்புலி

நீங்கள் எடுத்த எண்கள் அழகாக இருப்பதால் விடையும் அழகாக வந்துவிட்டது. எல்லையோர இடங்கள் எல்லையோர லைன்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பக்கத்தில் இருந்தால் பங்குக் காரணி, அதாவது 1 மெகாவாட் அனுப்பினால் அந்த லைனில் எவ்வளவு மாறுகிறது என்ற எண், பெரிதாகும். இப்படிப் பாருங்கள்: மைசோ நடுவிலிருந்து எல்லை இடம் வரை நிவாரணம் 0.5. எல்லை இடத்திலிருந்து பிஜேஎம் நடு வரை பாரம் 0.3. கூட்டினால் அதே 0.2.

இரண்டு பேரின் நிழல் விலையும் 100 என்றால்: மைசோ 50 தருகிறது, பிஜேஎம் 30 எடுக்கிறது, டிரேடருக்கு 20. சரிதான்.

இனி, நிழல் விலைகள் கொஞ்சம் பிசகட்டும். நிமிடத்துக்கு நிமிடம் அவை ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மைசோவில் 100, பிஜேஎம்மில் 60 என்றால் 50-இல் 18 போக மிச்சம் 42. தலைகீழாக, மைசோவில் 60, பிஜேஎம்மில் 100 என்றால் 30-இல் 30 போய்ப் பூஜ்யம். உண்மையான மதிப்பு 12-க்கும் 20-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. விலையோ ஒருமுறை பூஜ்யம், அடுத்த முறை 42 என்று ஊஞ்சலாடுகிறது.

#14 மூன்றாம் கம்பி

50-இல் 18 போனால் 32, புலியாரே.

#15 கணக்குப்புலி

32-தான். பெயரை மாற்றிக்கொள்ளும் நேரம் வந்துவிட்டது போல. ஆனாலும் 12-20 வட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறது, வாதம் அப்படியே இருக்கட்டும்.

#16 பழைய டிஸ்பாட்சர்

நான் முதல் வழியின் ஆள், மறைக்கவில்லை. மேலே உள்ள அதே பிசகில் முதல் வழி என்ன செய்யும்? மைசோவின் எல்லை விலையில் 'க' இல்லை. பிஜேஎம் முழுப் பயணத்தையும் அளந்து 0.2-ஐத் தன் நிழல் விலையால் பெருக்கும். 60 என்றால் 12, 100 என்றால் 20. ஒருபோதும் வட்டத்துக்கு வெளியே போகாது. இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணை எடுக்கும் வேலையே இதில் கிடையாது.

இன்னொன்று. எல்லையோரம் பத்து இடத்தில் மின்சாரம் இறங்கி மறுபடி ஏறுவதாகப் பாவிப்பது கற்பனை. பக்கத்துச் சந்தை 500 மெகாவாட் ஏற்றுமதி செய்தால் அதன் பல ஜெனரேட்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். எல்லை ஓரத்தில் இருப்பவை மட்டும் அல்ல.

#17 கணக்குப்புலி

கற்பனை என்றால் 'மைசோவின் நடு' என்பதும் கற்பனைதானே? முதல் வழியில் எல்லாம் அந்த ஒரு நடுவை நம்பித்தான் நிற்கிறது. அது தப்பானால் விலை முழுக்கத் தப்பு. பொது எல்லையில் நடுப்புள்ளியைப் பற்றித் தகராறு இல்லை. அவரவர் தங்கள் சொந்த நெட்வொர்க் மாதிரியை வைத்துக் கணக்குப் போடலாம், பக்கத்து வீட்டு வரைபடம் வேண்டாம். நிர்வாகத்துக்கு அது பெரிய நிம்மதி. அதற்கு நாம் ஊஞ்சலை விலையாகக் கொடுக்கிறோம்.

#18 பழைய டிஸ்பாட்சர்

நிம்மதி நிர்வாகத்துக்கு, ஊஞ்சல் டிரேடருக்கு. பயந்து வர்த்தகத்தைக் குறைப்பது அவன்தான். அப்புறம் 'பக்கத்து வீட்டு வரைபடம் வேண்டாம்' என்றீர்கள். 2005-இலிருந்தே அந்த வரைபடத்தைப் பகிர்ந்துதானே கூட்டு டிஸ்பாட்ச் நடக்கிறது?

#19 கணக்குப்புலி

அதை ஒப்புக்கொள்கிறேன். நடுப்புள்ளி பற்றிய என் சந்தேகம் மட்டும் தீரவில்லை.

#20 வடகடல்

ஐரோப்பியப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிறேன். இவ்வளவு மண்டைக்குடைச்சல் ஏன்? இங்கே அடுத்த நாள் சந்தைக்கு யூஃபீமியா என்று ஒரே கணக்கீடு. எல்லா நாட்டு ஏலக் குறிப்புகளும், எல்லை கொள்ளளவும் ஒன்றாக உள்ளே போகும். விலைகளும் ஓட்டங்களும் ஒன்றாக வெளியே வரும். ஒரு விலை மண்டலத்தில் (உள்ளே எங்கும் ஒரே விலை) மெகாவாட்-மணிக்கு 40 யூரோ, அடுத்ததில் 60, நடுவில் 700 மெகாவாட் கேபிள் நிரம்பியிருக்கிறது என்றால், மணிக்கு 14,000 யூரோ நெரிசல் வருமானம். கேபிளின் இரண்டு பக்கத்து நிறுவனங்களும் பெரும்பாலும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். எல்லை விலை என்ற தனிச் சரக்கே தேவையில்லை.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பிரிட்டனைப் பாருங்கள். 2021 ஜனவரி 1-இல் கூட்டுக் கணக்கீட்டிலிருந்து வெளியேறியது. அதன் பிறகு ஐரோப்பியக் கேபிள்களில் அடுத்த நாளுக்கான இடத்தைத் தனியாக ஏலம் எடுக்க வேண்டும், மின்சாரத்தைத் தனியாக வாங்க வேண்டும். இடத்துக்கு விலை சொல்லும்போது மின்சார விலை தெரியாது. ஊகம் தப்பினால், விலை கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குக் கேபிள் ஓடும்.

#21 பழைய டிஸ்பாட்சர்

ஒரே கணக்கீடு என்பது பொறாமைப்பட வைக்கும் விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மண்டலங்களின் உள்ளே இருக்கும் நெரிசல் எங்கே போகிறது? எங்களுக்கு ஒவ்வொரு சப்ஸ்டேஷனுக்கும் தனி விலை. உங்களுக்கு ஜெர்மனி முழுவதற்கும் ஒன்று.

#22 வடகடல்

மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அது எல்லைக்குத்தான் தள்ளப்படுகிறது. ஸ்வீடன் உள்நாட்டு நெரிசலைச் சமாளிக்க ஏற்றுமதிக் கொள்ளளவைக் குறைத்தது. ஐரோப்பிய ஆணையம் விசாரிக்க ஆரம்பித்ததும் ஸ்வீடன் வாக்குறுதி கொடுத்து, 2011 நவம்பர் 1 முதல் நாட்டை நான்கு விலை மண்டலங்களாக உடைத்தது. ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஒரே மண்டலமாக இருந்தபோது, வடக்கின் காற்றாலை மின்சாரம் போலந்து, செக் கம்பிகள் வழியாகச் சுற்றிக்கொண்டு தெற்கே போனது. அந்த நாடுகள் சத்தம் போட்டன. 2018 அக்டோபர் 1-இல் அந்த மண்டலமும் உடைந்தது. உங்கள் ஈரி ஏரிக்கு எங்கள் அண்ணன் தம்பி.

இப்போது 2019 விதிப்படி, முக்கியமான லைன்களின் கொள்ளளவில் குறைந்தது 70 சதவீதத்தை எல்லை வர்த்தகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். உள்நாட்டு ஓட்டம், சுற்று ஓட்டம், பாதுகாப்பு விளிம்பு எல்லாம் மீதி 30-க்குள். விதி வந்ததே வீட்டுக் குப்பையை வாசலில் கொட்டும் பழக்கம் இருந்ததால்தான்.

#23 ஊசிமுள்

ஒரு துணைக் கேள்வி. உங்கள் ஊர் வரைபடத்தில் விலை கூடிய மண்டலத்திலிருந்து குறைந்த மண்டலத்துக்கு ஓட்டம் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே கணக்கீட்டிலும் அது நடக்குமா?

#24 வடகடல்

நடக்கும், அது பிழையாகவும் இருக்காது. ஓட்டங்களின் அடிப்படையில் கொள்ளளவைக் கணக்கிடும்போது, ஓர் எல்லையில் சின்ன நஷ்டத்தோடு ஓடவிட்டால் வேறோர் நெரிசலான லைன் விடுபட்டு, அங்கே அதைவிடப் பெரிய லாபம் வரலாம். மொத்தத்துக்கு நல்லது. பத்திரிகையில் விளக்கத்தான் கஷ்டம். ஆரம்பத்தில் இந்த மாதிரி ஓட்டங்களைத் தடுக்க ஒட்டுப் போட்டு வைத்திருந்தார்கள், அப்புறம் கழற்றிவிட்டார்கள்.

#25 மூன்றாம் கம்பி

விலையைச் சரியாகப் போட்டாலும் போதாது என்று ஒரு வார்த்தை. எல்லை வர்த்தகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், விலையோ பிறகு வருகிறது. இதைக் குறைக்கத்தான் 'வித்தியாசம் இவ்வளவுக்கு மேல் இருந்தால் மட்டும் என் வர்த்தகத்தை ஓட்டு' என்று கேட்கும் வசதி வந்தது. நியூயார்க்கும் பிஜேஎம்மும் 2014 நவம்பரில், நியூயார்க்கும் நியூ இங்கிலாந்தும் 2015 டிசம்பரில், மைசோவும் பிஜேஎம்மும் 2017 அக்டோபரில் தொடங்கின. நியூ இங்கிலாந்து எல்லையில் இரண்டு பக்கமும் கட்டணங்களை விட்டுக்கொடுத்தார்கள், அங்கே நன்றாகப் பிடித்தது. மைசோ-பிஜேஎம்மில் கட்டணம் இருந்தது, கடையில் ஈ ஓட்டினார்கள். இரண்டு டாலர் வித்தியாசத்துக்கு ஆசைப்படுபவனிடம் அதைத் தின்னும் கட்டணத்தைக் கேட்டால் அவன் ஏன் வருவான்?

#26 சந்தேகப்பேர்வழி

நான் டிரேடர்களைத் திட்ட வந்தேன், இப்போது அவர்களுக்குக் கட்டணம் கூடாது என்று தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன இழை இது.

#27 ஊசிமுள்

எல்லாருக்கும் நன்றி. அழித்த பத்தியை (காலம்) அட்டவணையில் திரும்பச் சேர்த்துவிட்டேன். பக்கத்தில் இன்னொரு பத்தி: அந்த லைன் யார் பொறுப்பு என்பது. பொறுப்பாளர் அல்லாதவர் எல்லை விலையில் போட்ட பங்கை மட்டும் தனியாகக் கூட்டப் போகிறேன். இரட்டிப்பு எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும் இல்லையா? 2012-இலிருந்து 2019 வரை ஒரே தொடராக ஓட்ட நினைக்கிறேன்.

#28 பழைய டிஸ்பாட்சர்

ஒரே தொடராக ஓட்டாதீர்கள். 2017 ஜூனில் மைசோ பொது எல்லைக்கு மாறிவிட்டது என்று மேலே பார்த்தோமே, அதற்கு முன்னும் பின்னும் அதே பெயரில் இருப்பது வேறு வேறு இடங்கள். அங்கே வெட்டிவிடுங்கள். வெட்டிய பிறகு இரண்டாம் பாதியில் 'பொறுப்பாளர் அல்லாதவர் பங்கு' என்பது இரட்டிப்பு அல்ல, அவர் அளக்க வேண்டிய அரைப் பயணம். அதைக் கூட்டி 'இவ்வளவு வீண்' என்று எழுதினால் மேலாளர் மறுபடியும் திருப்பி அனுப்புவார்.

வரையறை நடுவிலும் மாறியிருக்கலாம். ஓட்டுவதற்கு முன் இரண்டு சந்தைகளின் எல்லை இடப் பட்டியலையும் ஆண்டு வாரியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் குறிகளைச் சரிபாருங்கள். ஒரு பக்கம் வாங்கும் விலை, மறு பக்கம் விற்கும் விலை. மைசோ பக்கம் நெரிசல் பங்கு எதிர்மறையாக இருந்தால்தான் டிரேடருக்கு லாபம்.

#29 ஊசிமுள்

குறி. போன தடவை அதையும் தப்பாகத்தான் போட்டிருக்கிறேன். இப்போதுதான் பார்த்தேன்.